துடிப்பான நாய்க்கு ஓட்டப் பயிற்சி: மதுரைப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை எல்லாம் நம் தென் மாவட்டத்து நாய்கள். அவற்றோடு இப்போது லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், பீகிள், ஹஸ்கி என்று எல்லா வகையும் மதுரை வீடுகளில் வளர்கின்றன. வேட்டைக்கும் கிடைக்காவலுக்கும் வளர்ந்த நாய் இன்று கேட்டுக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் பகலைக் கழிக்கிறது. அதற்கு ஓட்டம் வேண்டும். ஆனால் அளவோடும், நேரம் பார்த்தும், நிறுத்தச் சொன்னால் நிற்கிற மாதிரியும் வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் நாய் நாள் முழுக்கக் குதிக்கிறது, செருப்பைக் கடித்துப் போடுகிறது, கேட்டில் ஏறுகிறது. நன்றாக ஓடவிட்டால் அடங்கிவிடுமா?

பாதி அடங்கும். மீதிப் பாதிக்கு ஓட்டம் மட்டும் போதாது.

வெறுமனே ஓட வைத்துக்கொண்டே இருந்தால் நாயின் தாங்கும் சக்திதான் கூடும். இந்த மாதம் இரண்டு கிலோமீட்டரில் களைத்த நாய் அடுத்த மாதம் நான்கு கேட்கும். உங்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதிலும் பந்தை எறிந்து எறிந்து ஓடவிடுகிற வீடுகளில், நாய் களைக்கிறதே தவிர அமைதியாவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கண் அலைபாயும், சின்னச் சத்தத்துக்கும் பாயும்.

துடிப்பான நாய்க்கு மூன்று விஷயம் சேர்ந்து வேண்டும்: உடம்புக்கு ஓட்டம், மூக்குக்கு வேலை, அப்புறம் தூக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் தூங்குவது இயல்பு. ஆள் வருவதும் போவதும், ஹாரன் சத்தமுமாக இருக்கிற வாசலில் கட்டிப்போட்டால் அந்தத் தூக்கம் கிடைக்காது. குழந்தை தூக்கம் கெட்டால் எப்படி அடம்பிடிக்குமோ, நாயும் அப்படித்தான். ஓட்டத்தைக் கூட்டும் முன்னால் அதன் படுக்கையை வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அதிலேயே கால்வாசிப் பிரச்சினை குறைந்துவிடும்.

எப்போதும் சங்கிலியில்தான் கட்டி வைத்திருக்கிறோம். காவலுக்குத்தானே வளர்க்கிறோம், பயிற்சி எதற்கு?

காவல் நாய்க்கும் கால் உண்டு. எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். இது பலருக்குத் தெரியாது. சட்டத்தை விடுங்கள், கட்டியே கிடக்கும் நாய் நல்ல காவல் நாயாகவும் இருப்பதில்லை. கண்டதற்கெல்லாம் குரைக்கும் நாயின் குரைப்பை வீட்டுக்காரரே காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவிழ்த்து விட்டால் தானாக ஓடிவிட்டு வராதா? இதற்கு எதற்குத் திட்டம்?

தானாக ஓடும் நாய் உடம்பு சூடாகாமலே பாயும், திடீரென்று திரும்பும், களைத்தது தெரியாமல் இன்னும் ஓடும். தசைப்பிடிப்பும் மூட்டுக் காயமும் இப்படித்தான் வருகின்றன. திட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் மெதுவான நடை, பிறகு கொஞ்சம் ஓட்டம், நடுவில் இளைப்பாறல், கடைசியில் மறுபடி நடை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை நாய் முடிவு செய்யாமல் நீங்கள் முடிவு செய்வதுதான் இதன் சாரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே "நில்" என்றால் நிற்கக் கற்ற நாய் வீட்டிலும் சொல் கேட்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை முறை ஓடி நின்றது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

மதுரையில் எத்தனை மணிக்கு ஓட வைப்பது நல்லது?

விடியும் முன். பங்குனி பிறந்ததிலிருந்து ஆவணி வரை இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளுகிறது. ஓடும்போது தசையே சூட்டை உண்டாக்குகிறது. வெளிக்காற்றும் சூடாக இருந்தால் அந்தச் சூடு போக வழியில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு நமக்கு வெயில் தணிந்த மாதிரி இருக்கும். ஆனால் பகல் முழுக்கக் காய்ந்த தார் ரோடும் சுவரும் அப்போதுதான் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நாயின் மூக்கு தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடியில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கோடையில் சாயங்கால ஓட்டமே வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் மெதுவாக ஒரு நடை போதும்.

அக்னி நட்சத்திர நாட்களில் ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டு, விடியற்காலை நடையும் வீட்டுக்குள் மோப்ப விளையாட்டும் வைத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு வாரம் ஓடாததால் எந்த நாயும் கெட்டுப்போவதில்லை.

இன்னொன்று. மழை பெய்து ஓய்ந்த காலையில் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் ஈரப்பதம் அதிகமாக இருக்கும். மூச்சிரைத்துச் சூட்டைத் தணிப்பது என்பது நாக்கின் ஈரம் ஆவியாவதால் நடப்பது. காற்றே ஈரமாக இருந்தால் அது சரியாக நடக்காது. அன்றைக்குத் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவர்களுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மார்கழி விடியலில் கோலம் போட எழுந்திருக்கிற வீடு என்றால் நாயையும் அப்போதே கூட்டிக்கொண்டு கிளம்பலாம்.

தரை சுடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. தார் ரோடு, சிமென்ட் தளம், கோவில் பிராகாரத்துக் கல் போன்ற தரை, மூன்றுமே மண்ணைவிட அதிகமாகச் சுடும்.

ஓடும்போது சூடு தாக்கிவிட்டால் என்ன செய்வது?

இதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நாயின் இயல்பான உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைவிடக் கூடுதல்தான். ஓடி முடித்த உடனே 40ஐத் தொட்டு, ஓய்வில் இறங்கிவிடுவது உண்டு. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் தெர்மாமீட்டர் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அடையாளங்களைப் பாருங்கள்: நிற்காமல் இரைக்கிற மூச்சு, நாக்கு அகன்று நுனி கரண்டி போல மடிந்து தொங்குவது, ஈறு செக்கச் சிவந்துபோவது, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது.

அப்படி இருந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, கால்கள் எல்லாம் நனைய வேண்டும். காற்றாடியோ முறமோ அட்டையோ, எதையாவது கொண்டு விசிறுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். குளிர்விக்காமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினால், போகிற வழியிலேயே உறுப்புகள் கெடத் தொடங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஈரத் துண்டால் நாயைப் போர்த்தி வைக்காதீர்கள். சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூடாகிச் சூட்டை உள்ளே அடைத்துவிடும். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயில் திறந்து அப்படியே ஊற்றாதீர்கள். மதுரை வெயிலில் அது வெந்நீர். தரைத்தொட்டித் தண்ணீரையோ குடத்துத் தண்ணீரையோ எடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். நினைவில்லாத நாயின் வாயில் ஊற்றக் கூடாது.

தெளிந்து எழுந்துவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் பாதிக்கப்பட்டது மறுநாள்தான் வெளியே தெரியும்.

வாரத் திட்டம் ஒன்று சொல்லுங்களேன்.

ஒன்றரை வயது தாண்டிய, உடம்பில் குறையில்லாத நாய் என்று வைத்துக்கொள்வோம். லாப்ரடார், டாபர்மேன், பீகிள், நம் நாட்டு நாய், எதற்கும் பொருந்தும்.

வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், ஒன்றுவிட்டு ஒரு நாள். நடுவில் உள்ள நாட்களில் மோப்ப நடை. ஒரு நாள் முழு ஓய்வு.

ஓட்ட நாளில் முதல் பத்து நிமிடம் மெதுவான நடை. ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் இதில் முடிந்துவிட வேண்டும். பிறகு ஒரு நிமிடம் மெதுஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு முறை. கடைசியில் பத்து நிமிடம் நடந்து வீட்டுக்கு. இரண்டு வாரம் இதை மாற்றாதீர்கள், எவ்வளவு எளிதாகத் தோன்றினாலும். மூன்றாவது வாரம் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள், அடுத்து இரண்டு, பிறகு நடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு, இரண்டரை மாதத்தில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓடும். வீட்டில் வளரும் நாய்க்கு அதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.

மெதுஓட்டம் என்பது நாய் குறுக்குக் காலாக, முன் வலதும் பின் இடதும் சேர்ந்து எடுத்து வைக்கிற சீரான நடையோட்டம். நாலுகால் பாய்ச்சல் இல்லை. உங்கள் பக்கத்தில், கயிறு தொய்வாக இருக்கிறபடி ஓட வேண்டும். இழுத்தால் நின்றுவிடுங்கள். கயிறு தொய்ந்தவுடன் மறுபடி ஓடுங்கள். முதல் வாரம் நின்று நின்று போவதிலேயே நேரம் போய்விடும். அதுவும் பயிற்சிதான்.

ஓட்டம் அளவோடு இருந்ததா என்று பார்க்க ஒரு வழி: நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் மூச்சிரைப்பு நன்றாகத் தணிய வேண்டும். தணியவில்லை என்றால் அன்றைக்கு அதிகமாகிவிட்டது. மறுநாள் எழுந்திருக்கும்போது கால் விறைப்பாக இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

மோப்ப நடை என்றால்?

நாய் போகிற வேகத்தில் நீங்கள் போவது. நான்கைந்து மீட்டர் நீளக் கயிறு, அரை மணி நேரம். மூன்று மின்கம்பத்தைத் தாண்டவே பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும். முகர்வது நாய்க்கு மூளை வேலை. வீடு திரும்பியதும் ஓடி வந்த நாளைவிட நன்றாகத் தூங்கும்.

கன்னி, சிப்பிப்பாறைக்கும் இதே திட்டம் போதுமா?

போதாது என்று சொல்ல மாட்டேன், வேறு மாதிரி வேண்டும். இவை கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய்கள். ஒல்லி உடம்பு, ஆழமான நெஞ்சு, நீளக் கால், வில்லாக வளைகிற முதுகு. முழுப் பாய்ச்சலில் நான்கு காலும் ஒரே அடியில் இரண்டு முறை தரையை விட்டு எழும். ஒருமுறை கால்களை நீட்டியபடி, ஒருமுறை உடம்புக்கு அடியில் மடக்கியபடி. இந்த உடம்பு குறுகிய தூர வேகத்துக்கானது. பைக் ஓட்டம் மாதிரி ஒரே வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போவது அதற்கு அலுப்பு. அதன் ஆசையும் அடங்காது.

வாரத்தில் இரண்டு நாள், நாலாபுறமும் அடைத்த இடத்தில் பாயவிடுங்கள். பத்து நிமிடம் நடத்திக் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு முனையில் இருவர் நின்று மாறி மாறிக் கூப்பிடுங்கள். எண்பது, நூறு மீட்டர் பாய்ச்சல். பிறகு இரண்டு மூன்று நிமிடம் கையில் பிடித்து நடை. ஐந்து, ஆறு பாய்ச்சலோடு நிறுத்துங்கள். கடைசிப் பாய்ச்சல் முதல் பாய்ச்சலைவிடச் சோர்ந்திருந்தால் ஒன்று அதிகமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு அடுத்த முறை குறையுங்கள். மற்ற நாட்களில் நடை. அவ்வளவுதான். நாள் முழுக்கத் திண்ணையில் சுருண்டு படுத்திருக்கும் கன்னி நாயைப் பார்த்து "சோம்பேறி" என்பார்கள். அதன் இயல்பே அது.

இன்னொரு விஷயம்: உடம்பில் கொழுப்பு குறைவான இந்த வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். காயத்துக்குத் தையல் போடவோ அறுவைக்கோ போனால் நாயின் இனத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவிழ்த்துவிட்டால் முயலைத் துரத்துகிறது. அதுவே நல்ல பயிற்சிதானே?

இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், உடும்பு, மயில் எதையும் வேட்டையாடக் கூடாது. நாயை விட்டுப் பிடிப்பதும் வேட்டைதான், சிறைத்தண்டனை உண்டு. தாத்தா காலத்தில் செய்தார்கள் என்பது இன்று செல்லாது. தோட்டங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் மயில் நிறைய இருக்கிற பகுதி இது; கூப்பிட்டால் திரும்பாத நாயை அங்கே அவிழ்க்கவே கூடாது.

துரத்துகிற ஆசைக்கு வடிகால் வேண்டும் என்றால் ஒரு மூங்கில் கம்பின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழைய துணியை முடிந்துகொள்ளுங்கள். அதைத் தரையோடு வட்டமாக இழுங்கள். நாய் துரத்தும். "நில்" என்றால் நிற்க வேண்டும், "பிடி" என்றால் பிடிக்கலாம், "விடு" என்றால் விட வேண்டும். துணியை உயரே தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள். இறங்கும்போது முழங்காலில் அடிபடும். ஐந்து நிமிடம் போதும். சின்ன முற்றம் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது.

பைக்கிலோ ஸ்கூட்டியிலோ கட்டி ஓட்டலாமா? ஊரில் பலர் செய்கிறார்களே.

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேகத்தை ஆக்சிலேட்டர் தீர்மானிக்கிறது, நாய் தீர்மானிப்பதில்லை. நிற்க நினைத்தாலும் கழுத்தில் கயிறு இழுக்கும். ஒரு பூனை குறுக்கே ஓடினால் நாயும் விழும், நீங்களும் விழுவீர்கள். கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று எழுத விரும்பவில்லை. மிதிவண்டியில், உங்கள் கால் உழைப்பில், மண் பாதையில், நெஞ்சுப் பட்டை போட்டு, பழக்கிப் பழக்கிச் செய்யலாம். அதுவும் வளர்ந்த, திடமான நாய்க்கு மட்டும்.

குட்டியை எத்தனை மாதத்திலிருந்து ஓட வைக்கலாம்?

தானாக விளையாடி ஓடுவதை எப்போதும் தடுக்க வேண்டாம். உங்கள் வேகத்துக்கு, உங்கள் தூரத்துக்கு ஓட வைப்பதைத்தான் தள்ளிப்போட வேண்டும். எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. அவை மூடும் வரை அங்கே எலும்பு மென்மையானது. சின்ன, நடுத்தர நாய்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் மூடிவிடும். ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் மாதிரிப் பெரிய உடம்புக்குப் பதினெட்டு மாதம் வரை ஆகலாம்.

"மாதத்துக்கு ஐந்து நிமிடம்" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. நான்கு மாதக் குட்டிக்கு இருபது நிமிடம் என்பது போல. அது ஆராய்ச்சியில் வந்த கணக்கு அல்ல. ஆனாலும் அளவு தெரியாதவர்களுக்கு ஒரு கைப்பிடியாக இருந்துவிட்டுப் போகட்டும். மாடிப்படியில் ஏறி இறங்க வைப்பதும், வழுக்குகிற டைல்ஸ் தரையில் பந்து விளையாடுவதும்தான் குட்டிக்கு உண்மையான கெடுதல்.

தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்காதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்குகிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மதுரையில் எங்கே ஓட வைப்பது?

ஊருக்குள் இடம் குறைவுதான். தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் கூட்டமும் தீனிக்கடைகளுமாக இருக்கும். நாய்க்கு அது ஓடுகிற இடமல்ல. விளையாட்டு மைதானங்களில் நாய்க்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

புறநகரில் இருப்பவர்களுக்குக் கண்மாய்க் கரை நல்ல இடம். மண் பாதை, காலுக்கு இதமானது. ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். கிடை நாய்கள் விடாது, விடவும் கூடாது, அவற்றின் வேலை அது.

பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனைகள் ஒத்தக்கடை, செக்கானூரணி, திருமங்கலம் சாலைகளில் ஏராளம். சுற்றுச்சுவர், கேட் இருக்கிற மனை கிடைத்தால் அதுதான் பாய்ச்சலுக்கு ஏற்ற இடம். உரிமையாளரிடமோ காவல்காரரிடமோ சொல்லிவிட்டு உள்ளே போங்கள். முதலில் நீங்கள் ஒரு சுற்று நடந்து பாருங்கள்: புல்லுக்குள் மறைந்த எல்லைக்கல், உடைந்த பாட்டில், கம்பி, குழி.

தோட்டங்களின் பக்கம் போனால் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் பக்கம் நிறைய. முழு வேகத்தில் வருகிற நாய்க்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். கிணறு இருக்கிற இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். அழகர்மலைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் நாயைக் கூட்டிப்போகக் கூடாது. மலையடிவார வயல்களில் பன்றிக்கு வைத்த மின்கம்பி இருக்கவும் கூடும்.

ஜல்லிக்கட்டு நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கமும், சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரைப் பக்கமும் நாயோடு போகவே வேண்டாம். தீபாவளியை ஒட்டிய நாட்களில் எந்த இடத்திலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலைந்துபோகிற நாய்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. என்ன செய்வது?

ஓடாதீர்கள். உங்கள் நாயை உங்கள் பின்னால் வைத்து, நேருக்கு நேர் முறைக்காமல், மெதுவாக வந்த வழியே பின்வாங்குங்கள். தெருநாய்களுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை என்று போனால் சில வாரத்தில் பழகிவிடும். கல்லெறிந்தால் பழகாது.

உங்களுக்குக் கடிபட்டாலோ கீறல் பட்டாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிறகு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அது இலவசம். நாய்க்குக் கடிபட்டால், ஏற்கெனவே ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கழுத்துப் பட்டையா, நெஞ்சுப் பட்டையா?

ஓட்டத்துக்கு நெஞ்சுப் பட்டை. தோள்மூட்டை அமுக்காமல், நெஞ்செலும்பின் மேல் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி வருகிற வகை. கன்னி, சிப்பிப்பாறைக்குத் தலையைவிடக் கழுத்து பருமன். சாதாரணக் கழுத்துப் பட்டையிலிருந்து பின்னால் இழுத்து உருவிக்கொண்டுவிடும். அளவோடு இறுகி நிற்கிற வகை அவற்றுக்கு வேண்டும். பித்தானை அழுத்தினால் நீள்கிற சுருள் கயிறு ஓடுகிற நாய்க்கு ஆகாது. முழு வேகத்தில் கயிறு தீர்ந்தால் கழுத்து நொடிக்கும், உங்கள் விரலும் அறுபடும்.

ஓட்டத்துக்கு முன் சாப்பாடு கொடுக்கலாமா?

வேண்டாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடி முடித்தும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தட்டு. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு. வயிறு மத்தளம் போலப் புடைத்து, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் வேறு விஷயம். ஓட்டத்துக்கு நடுவில் நாலு மடக்கு, முடிந்ததும் நாலு மடக்கு. மூச்சு தணிந்த பிறகு வேண்டியமட்டும். கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் கொடுத்து வளர்த்த ஊர் இது, அதில் தவறில்லை. ஆனால் ஓடுகிற நாய்க்குக் கூழ் மட்டும் போதாது, முட்டையோ கறியோ மீனோ சேர வேண்டும்.

ஓடி வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

பாதம். நெருஞ்சியும் கருவேல முள்ளும் இல்லாத பாதை நம் பக்கம் கிடையாது. விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். பிறகு காது, கழுத்து மடிப்பு, விரலிடுக்கு என்று உண்ணியைத் தேடுங்கள். உண்ணி வழியாக எர்லிச்சியா, பபீசியா என்ற ரத்த நோய்கள் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று ஓட மறுத்து, ஈறு வெளுத்து, காய்ச்சல் அடித்து, மூக்கில் ரத்தம் வந்தால் அதைச் சோம்பல் என்று நினைக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு.

எங்கள் ராஜபாளையம் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. அடமா?

அடமாக இருக்கலாம். ஆனால் முதலில் காதைச் சோதியுங்கள். முழு வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும் கொண்ட இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. 2005இல் தபால்தலையில் வந்த பெருமைக்குரிய நாய். அடி வாங்கிக்கொண்டு வளர வேண்டியதில்லை. பின்னால் நின்று, நாய் பார்க்காதபோது கைதட்டுங்கள். காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயும் கைச்சாடைக்கு அழகாகப் பழகும். அடைத்த இடத்தைத் தவிர வேறெங்கும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஹஸ்கி வைத்திருக்கிறோம். அது ஓடத்தானே பிறந்தது?

பனியில். மதுரையில் மார்கழி, தை விடியலில் மட்டும் ஓட்டம். மற்ற மாதங்களில் நடை. வெயிலுக்காக முடியை மழிக்காதீர்கள், அந்த முடி சூட்டையும் தடுக்கிறது. அடிமுடியைச் சீவி எடுத்தால் போதும். இனிமேல் வாங்கப்போகிறவர்கள் நம் மண்ணுக்கேற்ற நாயை வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எந்த நாயை ஓட வைக்கவே கூடாது?

பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், இதயக் கோளாறு உள்ளவை, சினையாக இருப்பவை, இடுப்பு மூட்டுக் கோளாறு உள்ளவை. லாப்ரடார் ஓட்டத்துக்கு நடுவில் பின்னங்கால் துவண்டு விழுந்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். அந்த இனத்தில் பரம்பரையாக வருகிற ஒரு தசைக் கோளாறு உண்டு, மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

உடம்பு பெருத்த நாய் முதலில் நடந்து இளைக்கட்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் நிலைக்கு வந்த பிறகு ஓட்டம்.

ஒன்பது வயதாகிறது, இன்னும் ஓட ஆசைப்படுகிறது. விடலாமா?

விடலாம், மண் தரையில், அது போகிற வேகத்தில். உங்கள் பழைய தூரத்தை அதன் மேல் சுமத்தாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதயத்தையும் மூட்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுவது, வாசல்படி ஏறத் தயங்குவது, ஒரு காலை மட்டும் பதித்து வைக்காமல் இருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மனிதருக்கான வலி மாத்திரையை வீட்டில் உடைத்துக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகும்.